பொருளும் பொருளும்

தமிழிற் 'பொருள்' என்னுஞ் சொல் மூன்றினைக் குறிக்கும். கையால் எடுத்துப் பயன்கொள்ளும் பண்டமும் பொருள். சொல்லினால் உணர்த்தப்படும் கருத்தும் பொருள். ஈட்டிச் சேர்க்குஞ் செல்வமும் பொருள். சொல்வளம் மிக்க ஒரு மொழி இம்மூன்றையும் ஒரு சொல்லுக்குள் அடக்கி வைத்திருத்தல் சிந்திக்கத்தக்கது. செல்வமாகிய பொருளின் மதிப்பைச் சந்தை வகுத்துவிடும். பண்டமாகிய பொருள் கருத்தாகிய பொருளைப் பெறுவது எவ்வாறு? உரலும் சுளகும் கதவும் திறப்பும் ஒருவருடைய வாழ்க்கையின் பொருளைத் தாங்கத் தொடங்குவது எப்பொழுது? இவ்வினாவுக்கு எம் இலக்கியம் கூறும் விடையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தொல்காப்பியத்தையே தொடக்கமாகக் கொள்ளலாம். அகத்திணையின் பாற்பட்டவற்றை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்த மரபிலே, கருப்பொருளை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையும் தொழிலும் யாழும் சேர்த்தெண்ணப்பட்டன. பறையும் யாழும் மனிதன் தன் கையாற் செய்தவை. நிலத்தில் தாமே தோன்றும் மரத்துக்கும் பறவைக்கும் அளித்த இடத்தையே செய்பொருளுக்கும் அளித்தமை நோக்கற்பாலது. உள்ளுறையுவமம் தெய்வம் ஒழிந்த ஏனைக் கருப்பொருளை நிலைக்களனாகக் கொள்ளும் என்பதும் அந்நூலின் கொள்கை. ஆகவே ஒரு பொருள் செய்யுளுள் நுழையும்போது அலங்காரமாக நுழைவதில்லை. நிலத்தோடும் தொழிலோடும் அது பூண்ட உறவு முன்னரே உண்டு. அவ்வுறவின் வழியாகவே அது உள்ளத்து உணர்ச்சியைச் சென்று தொடுகின்றது. உறவை அறுத்துவிட்டுப் பொருளை மட்டும் காட்டினால் அஃது உரிப்பொருளைத் தாங்காது.

பொருளின்மீது எழுதும் வழக்கமும் எமக்குப் புதிதன்று. கீழடி அகழாய்வு பற்றித் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே, ஆதன், குவிரன் முதலிய ஆட்பெயர்கள் பொறித்த பானையோடுகள் இடம்பெற்றன. எமது பூநகரிப் பிரதேசத்திலும் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தமையைப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட 'பூநகரி தொல்பொருளாய்வு' என்னும் நூல் எடுத்துரைத்தது. கல்லிலே எழுதியோர் அரசரும் வணிகரும் தவத்தோர்க்கு உறையுள் ஈந்தோருமாவர்; பானையிலே எழுதியோரிற் பலர் அதிற் சோறுண்டும் நீர்மொண்டும் வாழ்ந்த மனிதராதல் கூடும். சீதனமாகக் கொடுக்கும் செம்பிலும் குடத்திலும் பெண்ணின் பெயரின் முதலெழுத்துக்களை வெட்டுவித்த எம் பாட்டிமாரின் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. எனினும் பெயர், பொருள் யாருடையது என்பதை மட்டுமே சொல்லும். அவர் எத்தகையவர், அப்பொருளோடு எவ்வாறு வாழ்ந்தார் என்பவற்றைப் பெயர் சொல்லாது, கதையே சொல்லும். ஓட்டின்மேல் நின்றுபோன எழுத்து எவ்விடத்திலே தன் பணியை முடித்துக்கொள்கின்றதோ, அவ்விடத்திலேதான் இலக்கியம் தன் பணியைத் தொடங்குகின்றது.

அப்பணியைச் சான்றோர் செய்த முறைக்குப் புறநானூற்றில் இரு சான்றுகள் காட்டலாம். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலக் கொட்டிலையும் தம் தலைவனாகிய அதியமானின் படைக்கலங்களையும் ஒருங்கு வைத்துப் பாடிய 95ஆம் பாட்டு ஒன்று. ஈண்டுள்ளவை பீலியும் மாலையும் சூட்டி, நெய்பூசிக் காவல் மிக்க மனையிலே வைக்கப்பட்டவை. ஆண்டுள்ளவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனுடைய சிறுகொட்டிலிலே கிடப்பவை. புகழ்வது போன்று பழித்தும், பழிப்பது போன்று புகழ்ந்தும் புலவர் காட்டிய உண்மை யாது? பொருளின் பெருமை அதன் பளபளப்பிலன்று, தேய்விலே உள்ளது என்பதாம். மற்றையது, குமணனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய 164ஆம் பாட்டு. வறுமையைச் சொல்ல வந்த அப்புலவர் முதலில் அடுப்பைக் காட்டுகிறார். சமைத்தலை மறந்துபோன அடுப்பிலே காளான் பூத்திருக்கின்றது. பாலற்ற மார்பும் அழுங் குழந்தையும் அதன் பின்னரே வருகின்றன. வறுமை என்னும் பொதுச்சொல் நூறுமுறை வரினும் அந்த ஒரு காளானுக்கு ஈடாகாது. முன்னைய பாட்டிற் பொருளுக்குப் பொருள் தந்தது பயன்பாடு. பின்னைய பாட்டில் அதனைத் தந்தது பயன்பாட்டின் இன்மை. இவ்விரண்டும் ஒரே நாணயத்தின் இருபுறங்கள்.

இனிச் சிலம்புக்கு வருவோம். கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் தம்முட் பிரித்தறிய முடியாதனவாக இருந்தமையினாலன்றோ பொற்கொல்லனின் வஞ்சனை பலித்தது! முத்தும் மாணிக்கமும் உள்ளே இருந்தன; புறத்தோற்றமோ ஒன்றே. பொருளை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறிய அரசன் தவறினான். கண்ணகி அவைக்களம் புகுந்து உடனே சிலம்பை உடைத்துவிடவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். தன் ஊரைக் கூறினாள். அவ்வூரின் அறவரலாற்றைக் கூறினாள். கணவன் யாவன் என்பதையும் தன் பெயரையும் கூறினாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றும் கூறினாள். அதன் பின்னரே சிலம்பு உடைந்தது. சாட்சிப்பொருள் வாய் திறப்பதற்கு முன்னர்ச் சாட்சி சொல்ல ஒருத்தி வேண்டியிருந்தாள். அவளுடைய சொல் இல்லாவிடின் அரசவையிற் சிதறிய மாணிக்கமும் வெறுங் கல்லே.

காவியத்தின் சிலம்பு நகரை எரித்தது. எம் நாட்டுச் சிறுகதையின் பாதசரமோ ஓர் இரவின் மனத்தாங்கலைத் தீர்த்தது. ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரான இலங்கையர்கோன் என்னும் த. சிவஞானசுந்தரம் (1915–1961) எழுதிய 'வெள்ளிப் பாதசரம்' என்னும் கதையையே குறிப்பிடுகின்றேன். அவர் மறைந்த பின்னர் 1962இல் வெளிவந்த தொகுதியும் அக்கதையின் பெயரையே தாங்கியது. இளந்தம்பதியர் வல்லிபுரக் கோயிற் றிருவிழாவுக்குச் செல்கின்றனர். சனநெருக்கத்திலே மனைவியின் பாதசரங்களுள் ஒன்று தொலைகின்றது. கணவன் சினங்கொள்கின்றான், திரும்பும் வழியிலே அச்சினம் தணிந்து அன்பாகின்றது. கதையென்று சொல்ல இவ்வளவே உண்டு. ஆயினும், இணையாக அணியப்படும் பொருளொன்றை ஆசிரியர் தேர்ந்தமை தற்செயலன்று. சங்கிலியோ மோதிரமோ தொலைந்திருப்பின் இழப்பு முழுமையாகிவிடும். பாதசரத்தில் ஒன்று தொலைந்தால், எஞ்சிய மற்றது ஒவ்வோரடிக்கும் ஒலித்து இழப்பை நினைவூட்டும். அதே வேளையில் ஒன்றின்றி மற்றொன்று பயன்படாது என்பதையும் உணர்த்தும். கணவன் மனைவியர் பற்றி ஆசிரியர் விரிவுரை செய்யவேண்டிய தேவையே எழவில்லை. பொருளைச் சரியாகத் தேர்ந்த எழுத்தாளனுக்கு உபதேசம் மிகை.

இம்முறையின் உச்சத்தைக் கரிசல்நிலத்து எழுத்தாளரான கி. ராஜநாராயணனின் 'கதவு' என்னும் சிறுகதையிற் காணலாம். ஏழைக் குடிசையின் கதவிலே பிள்ளைகள் ஏறி நின்று முன்னும் பின்னும் ஆட்டிப் பேருந்து விளையாட்டு விளையாடுகின்றனர். தீப்பெட்டிப் படமொன்றை அதில் ஒட்டி மகிழ்கின்றனர். தந்தை தொழில்தேடிப் போய்விட்டான்; செய்தியில்லை. தீர்வைப் பாக்கிக்காக அக்கதவு கழற்றிக் கொண்டுசெல்லப்படுகின்றது. கார்த்திகை மாதத்து வாடைக்காற்றுக்குத் தடையில்லாமற் போய்விடக் கைக்குழந்தை இறக்கின்றது. பின்னொருநாள், சாவடியின் புறத்தே கறையான் அரிக்கக் கிடந்த அக்கதவைப் பிள்ளைகள் கண்டு ஓடிச்சென்று கட்டிப்பிடித்துக்கொள்கின்றனர். அத்துடன் கதை முடிகின்றது.

இக்கதையை விளக்கப் புகும் திறனாய்வாளர் பலர், கதவு பாதுகாப்பின் குறியீடு, தந்தையின் குறியீடு, இழந்த மானத்தின் குறியீடு எனக் கூறி அமைவர். மாணவரும் அதனையே மனனஞ்செய்து விடைத்தாளில் எழுதுவர். அவ்விளக்கங்கள் பிழையென்று யான் கூறவில்லை. ஆனால் அவை மிக விரைவானவை. கதவு முதலிற் கதவாக இருக்கின்றது. அதற்குப் பாரமுண்டு, சுழலும் முளையுண்டு, ஏறி நிற்க இடமுண்டு. காற்றைத் தடுக்கும் ஆற்றலுண்டு. காற்றைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இருந்தமையினாலேயே அது போனபின் குழந்தை இறந்தது. குறியீடு இறந்தமையினால் எந்தக் குழந்தையும் குளிரால் விறைத்துப் போவதில்லை. கதையிலிருந்து கதவை எடுத்துவிட்டு அதன் இடத்திலே 'பாதுகாப்பு' என்னும் பண்புச் சொல்லை வைக்கும் திறனாய்வும் ஒருவகையில் தீர்வைக்காரன் செய்த வேலையையே செய்கின்றது. வீட்டுக்காரருக்குக் கதவு மிஞ்சுவதில்லை.

இவ்வாறு துணிந்து கூறுவதற்கு எனக்கு ஒரு காரணமுண்டு. பூநகரியிலே ஆசிரியத்தொழில் புரியும் யான், மீள்குடியேற்றத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில் இக்கதையை ஒரு வகுப்பிலே படித்துக் காட்டினேன். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் பூநகரியை விட்டுக் கிழக்கு நோக்கிப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். பெயர்ந்தோரிற் பலர் கூரைத் தகரத்தையும் கதவையும் யன்னலையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிச் சென்றனர். சென்ற இடந்தோறும் அவற்றைக்கொண்டே கொட்டில் அமைத்தனர். பின்னர் அவற்றையும் ஒவ்வொன்றாக வழியிலே விட்டனர். கதையைப் படித்து முடித்தபோது கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன், "நிலையை விட்டிட்டுத்தானே போயிருக்கினம், சேர்?" என்று கேட்டான். கழற்றிய தீர்வைக்காரர் கதவுநிலையையும் பெயர்த்தனரா என்பதே அவன் வினா. இல்லை, கதவை மட்டுமே என்றேன். "அப்ப ஒரு சாக்கெண்டாலும் கட்டியிருக்கலாம்" என்றான். நிலை இருந்தாற் சாக்குத் தொங்கவிடலாம் என்பதை அவன் எந்த உரைநூலிலும் படிக்கவில்லை. நிலையுமற்ற வீட்டுக்குத் திரும்பிவந்த பிள்ளை அவன். அந்த ஒரு வினா, யான் படித்த குறியீட்டு விளக்கங்கள் அனைத்திலும் கூடிய நெருக்கத்தோடு கதையைத் தொட்டது. கதவைக் கதவாகவே அறிந்தவனுக்குத்தான் அக்கதையின் முழுப்பொருளும் புலனாகின்றது.

அவ்வாறாயின், வீட்டுப் பொருள்களைப் பற்றி எழுதுவதெல்லாம் இலக்கியமாகிவிடுமோ? ஆகாது. இன்று எம்மிடையே பெருகிவரும் ஒருவகை எழுத்தைக் குறித்து இவ்விடத்திற் சில கூறல் வேண்டும். அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகணி, நீத்துப்பெட்டி, கடகம், மூக்குப்பேணி என அடுக்கிச் சென்று, 'அந்தக் காலம் திரும்ப வருமா' என்று முடியும் கட்டுரைகளை ஆண்டுமலர்கள் பலவற்றிற் காண்கின்றோம். சொற்களைப் பேணுகின்றன என்ற அளவில் அவற்றுக்குப் பயனுண்டு. ஆயினும் அவை பட்டியல்களே. தொண்டைமானின் கொட்டிலிலிருந்த படைக்கலங்களைப் போன்று, அவற்றிலுள்ள பொருள்கள் நெய்பூசி மாலைசூட்டி வைக்கப்பட்டவை. ஒருவர் கையிலும் தேய்ந்தவையல்ல.

பத்தாந் தரத்து மாணவருக்கு 'எம் வீட்டுப் பொருள் ஒன்று' எனத் தலைப்புக் கொடுத்த காலை இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தேன். மாணவி ஒருத்தி மூக்குப்பேணியைப் பற்றி எழுதினாள். அது பித்தளையாலானது, மூக்குடையது, தமிழர் பண்பாட்டின் அடையாளம் என்று முதன்முறை எழுதியிருந்தாள். உன் வீட்டில் அதில் யார் குடிப்பர் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மறுமுறை எழுதி வந்தாள்: அம்மம்மா அண்ணாந்து குடிப்பவர், இப்பொழுது கை நடுங்குவதாற் தேநீர் கழுத்து வழியே சட்டையில் ஊற்றுப்படும், கோப்பையிற் கொடுத்தால் வாங்கமாட்டார், ஆதலினால் யாரும் பாராத நேரம் பார்த்துக் குடிப்பார், தான் பார்த்தும் பாராதது போலிருப்பேன் என்று. முதற்கட்டுரையில் இருந்ததும் இரண்டாவதில் இருந்ததும் ஒரே பேணிதான். ஆனால் முன்னதிற் பண்பாடு என்னும் சொல் இருந்தது. பின்னதிலேயே பண்பாடு இருந்தது.

இக்கட்டுரையை வகுப்பில் வாசித்தபோது வேறொரு பிள்ளை எழுந்து, "எங்கட அம்மம்மாவுக்குச் சிரட்டையிலதானாம் குடுக்கிறவை" என்றாள். வகுப்பு சிறிது நேரம் அமைதியாயிற்று. உதடு படாமற் குடிக்க அமைந்த பேணிக்கு அருகே, உதடு பட்டபின் எறிந்துவிடக் கூடிய சிரட்டையும் எம் முற்றங்களிலே இருந்தது என்பது மறைக்கவொண்ணாத வரலாறு. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தேநீர்க்கடைகளில் தனிப்பாத்திரம் வைத்த கொடுமைக்கெதிராக 1960களில் யாழ்ப்பாணத்திலே போராட்டங்கள் நிகழ்ந்தன. அம்மக்களின் வாழ்வையும் எழுச்சியையும் கே. டானியல் 1972இல் வெளியிட்ட 'பஞ்சமர்' முதலிய நாவல்களிலே பதித்தார். எனவே, பழம்பொருளைப் பற்றி எழுதுவோர் இனிய நினைவை மட்டும் எழுதினால் அது பாதி உண்மையே ஆகும். ஒருவருடைய பேணியின் கதை மற்றொருவருடைய சிரட்டையின் கதையைக் கேட்கவும் இடங்கொடுத்தல் வேண்டும். அம்மம்மாவின் நடுக்கத்தை எழுதிய மாணவியின் அன்பு இதனாற் பொய்யாகிவிடவில்லை. சிரட்டையைச் சொன்ன பிள்ளையின் துயரும் அந்த அன்பினால் மறைந்துவிடவில்லை. இரண்டையும் ஒரே வகுப்பறையில் வைத்துக் கேட்க நேர்ந்தமையே அன்றைய பாடமாயிற்று.

எம் காலத்திலே இவ்வினாவை எழுத்துக்கு அப்பாலும் கொண்டுசென்றவர் ஓவியரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியருமான தா. சனாதனன். 2004ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடைபெற்ற 'அகம் புறம்' என்னும் காட்சியிலே, யாழ்ப்பாணத்து வீடுகளிற் சேகரித்த அன்றாடப் பொருள்களைப் போத்தல்களிலிட்டு அவர் காட்சிக்கு வைத்தார். அக்கட்டடம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் 1981ஆம் ஆண்டு எரியூட்டப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டது என்பதை நினையுங்கால் அத்தெரிவின் ஆழம் விளங்கும். நூல்கள் அழிந்த இடத்திலே வீட்டுப் பொருள்கள் நூல்களின் இருக்கையைப் பெற்றன. 2011இல் வெளிவந்த அவருடைய நூலொன்று 'முற்றுப்பெறாத தோம்பு' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரைத் தாங்கியது. இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைந்த நிலப்படங்களும், அவற்றைக் கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த படங்களும், ஓவியரின் சித்திரங்களும் அதில் அடங்கியுள்ளன. தோம்பென்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நிலத்தையும் குடியையும் இறையின் பொருட்டு எழுதிவைத்த பதிவேடு. அரசின் ஏட்டுக்குரிய பெயரையே வீடிழந்தவனின் நினைவேட்டுக்கும் இட்டமை நுண்ணிதான திறனாய்வு. கி. ராஜநாராயணனின் தீர்வைக்காரனிடமும் ஒரு பதிவேடு இருந்திருக்கும். அதிற் கதவு என ஒரு சொல்லும், அதற்கு நேரே ஒரு தொகையும் இருந்திருக்கும். பிள்ளைகள் அதில் ஏறி ஆடியதை எழுத அதில் நிரலில்லை.

போரின் பின்னர் இழப்பீட்டுப் படிவம் நிரப்பியோர் எம்முட் பலர். பொருள், எண்ணிக்கை, பெறுமதி என மூன்று நிரல்கள். அவற்றை நிரப்புங்கால் ஒவ்வொருவரும் ஓரிடத்திலே எழுதுகோலை நிறுத்தியிருப்பர். என் தாயின் தையலியந்திரத்துக்கு எதிரே பெறுமதியை எழுதவேண்டிய இடத்தில் யானும் நிறுத்தினேன். முடிவில் ஒரு தொகையை எழுதினேன். எழுதாதுவிடின் படிவம் செல்லாது. அலுவலர் மீது குறைகூற இதிலொன்றுமில்லை. படிவம் கேட்கவேண்டியதையே கேட்டது. ஆனால் பெறுமதி என்பது பொருளின் மூன்று பொருள்களுள் ஒன்றுக்கு மட்டுமே உரிய விடை. இரவு விளக்கிலே அவ்வியந்திரத்தின் மிதியோசை கேட்டு யான் லண்டன் பரீட்சைக்குப் படித்தமை வேறோர் ஏட்டுக்குரியது. அவ்வேட்டை நாமே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். அன்றாடப் பொருள் தானாகவே பேசுவதில்லை. அதன் பயன்பாட்டையும் தேய்வையும் நுணுகி அறிதல் வேண்டும். அஃது இல்லாதபோது நேரும் குறையை அறிதல் வேண்டும். அதன் கதையைச் சொல்ல ஒருவரும், தம் கதையையும் உடன்வைத்துக் கேட்க மற்றொருவரும் வேண்டும். இவை கூடுமிடத்துப் பண்டமாகிய பொருள் கருத்தாகிய பொருளைப் பெறுகின்றது. இவை கூடாவிடத்து எத்துணைப் பழமையான பொருளும் காட்சிப்பெட்டிக்கு உரியதேயாகும்.

எம் கல்லூரி மாணவர் எழுதத் தொடங்குங்காற் பெரியனவற்றைத் தேடி அலையவேண்டியதில்லை. வீட்டிலுள்ள ஒரு பொருளை எடுத்து, அது யார் கையில் எவ்விடத்திலே தேய்ந்தது என்று பார்த்து எழுதுக. பொருள் எஞ்சாத வீட்டினர் அஃது இருந்த இடத்தை எழுதுக. எழுதியதை அடுத்த வாங்கிலிருப்பவருக்கு வாசித்துக் காட்டுக. அவர் வீட்டில் என்ன இருந்தது என்று கேட்கவும் மறவற்க. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எம் ஊர் மண்ணிலே ஒருவன் தன் பானையில் எழுத்தைக் கீறினான். எழுத்து எஞ்சியது, அவன் உண்ட கதை எஞ்சவில்லை. அதனைப் போல எம் காலத்துக் கதைகளும் ஓடுகளாக மட்டும் எஞ்சுதல் ஆகாது என்பதே எம் வேண்டுகோள்.